புயலுக்குள்ள பறக்கும் ஆய்வு விமானங்கள்: பெரம்பலூர், அரியலூர் மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே எவ்வளவு மழை பெய்யும் என்பதை வங்கக்கடல்தான் முடிவு செய்கிறது. அந்தக் கடலுக்கு மேலே காற்றும் ஈரப்பதமும் எப்படி இருக்கின்றன என்று நேரில் போய் அளப்பதற்குத்தான் ஆய்வு விமானங்கள்.

அரியலூர் மறக்காத வெள்ளம்

1956 நவம்பர் 23 அதிகாலை. கனமழையால் மருதையாற்றில் வெள்ளம். அரியலூர் அருகே ரயில் பாலம் சேதமடைய, சென்னையில் இருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

அன்று செயற்கைக்கோள் கிடையாது. இன்று இன்சாட் செயற்கைக்கோள்களும், காரைக்கால், சென்னை ரேடார்களும் இருக்கின்றன. அப்படியும் கணிப்பு ஏன் தவறுகிறது?

செயற்கைக்கோளுக்குத் தெரியாதது என்ன?

செயற்கைக்கோள் மேகத்தின் உச்சியை நன்றாகப் பார்க்கும். அடர்ந்த மேகத்துக்குள் காற்றின் வேகம், ஈரப்பதம் எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். ரேடாரின் பார்வை சில நூறு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். வானிலை பலூன்கள் பெரும்பாலும் நிலத்தில் இருந்துதான் பறக்கவிடப்படுகின்றன. நடுக்கடலில் மிதவைகள் இருந்தாலும் அவை காற்றை அளப்பது கடல் மட்டத்தை ஒட்டி மட்டும்தான்.

2024 ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். அது புயலாகுமா, தாழ்வு மண்டலமாகவே கரையேறுமா என்ற கணிப்பு கடைசி நாட்களில் மாறிக்கொண்டே இருந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், நகராமல் அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாள், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ.

விமானம் என்ன செய்யும்?

ஆய்வு விமானத்தில் இருந்து 'ட்ராப்சோண்ட்' என்ற கருவியைக் கீழே போடுவார்கள். சின்ன பாராசூட் கட்டிய குழாய் அது. கடலில் விழும்வரை வழிநெடுக வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் வேகத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் நோவா அமைப்பும் விமானப்படையும் இதை வழக்கமாகவே செய்கின்றன. 2016 முதல் 'வளிமண்டல நதி'களையும் இப்படி ஆய்வு செய்கிறார்கள். கடலில் இருந்து நிலத்தை நோக்கி வானில் நகரும் நீராவிப் பட்டைதான் வளிமண்டல நதி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம் இருக்கும். 1985 முதல் 2020 வரை இந்தியாவில் பருவமழைக் காலத்தில் வந்த 10 மோசமான வெள்ளங்களில் 7-க்கு இதோடு தொடர்பு உண்டு என்கிறது காந்திநகர் ஐஐடி ஆய்வு.

பயணத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள்?

• எங்கே போவது? பல கணினி மாதிரிகளின் கணிப்பை ஒப்பிடுவார்கள். எந்த இடத்தில் சின்னப் பிழை இருந்தால் நாளைக்குக் கணிப்பு பெரிதாகத் தவறுமோ, அந்த இடத்தைத்தான் தேர்வு செய்வார்கள். அது புயலின் கண்ணாகத்தான் இருக்கணும் என்றில்லை. புயலை நகர்த்தும் சுற்றுப்புறக் காற்றாகவும் இருக்கலாம்.

• எப்போது போவது? கணினி மாதிரிகள் புதிய தரவை எடுத்துக்கொள்ளும் நேரங்கள் உண்டு. இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 அதில் முக்கியமானவை. அதற்கு ஏற்ற மாதிரி விமானம் கிளம்ப வேண்டும்.

• எப்படிப் போவது? எரிபொருள், மாற்று விமான நிலையம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி எல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். கருவி விழும் வழியில் வேறு விமானம் இருக்கக் கூடாது.

இந்தியாவில் இருக்கா?

முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1979-இல் 'மோனெக்ஸ்' திட்டத்தில் அமெரிக்க ஆய்வு விமானங்கள் அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் பருவமழையை ஆய்வு செய்தன. 2016-இல் பிரிட்டன் ஆய்வு விமானம் லக்னோ, பெங்களூருவில் இருந்து பறந்தது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009 முதல் விமானம் மூலம் மேகங்களை ஆய்வு செய்திருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு புயலுக்கும் கிளம்பும் நிரந்தர விமானச் சேவை இந்தியாவில் இல்லை. தைவான் போன்ற சின்ன நாடு 2003 முதலே புயல்களைச் சுற்றி விமானம் அனுப்பி ட்ராப்சோண்ட் போடுகிறது.

இங்கே என்ன மாறும்?

விமானம் மழையை நிறுத்தாது. ஆனால் கணிப்பில் ஒரு நாள் முன்னதாகத் தெளிவு கிடைத்தால் நிறைய செய்யலாம். பெரம்பலூர் விவசாயி முற்றிய மக்காச்சோளத்தை அறுத்து, வெடித்த பருத்தியை எடுத்துவிடலாம். ஏரிகளில் நீர்மட்டத்தைக் குறைக்கலாம். கொள்ளிடக் கரையோர மக்களைப் பகலிலேயே வெளியேற்றலாம். மருதையாற்றுப் பாலங்களை முன்கூட்டியே சோதிக்கலாம். 1956-இல் அரியலூருக்குக் கிடைக்காதது அந்த ஒரு நாள்தான்.