விருத்தர் வேடமும் வள்ளியின் விடையும்

இளம்பெண் ஒருத்தியை முதியவர் ஒருவர் காதலிப்பதாகச் சொன்னால் கேட்போர் நகைப்பர். அந்நகைப்பினுள்ளே சிறிது அச்சமும் கலந்திருக்கும். நகைப்பு அம்முதியவரின் ஆசையைக் கண்டு எழுவது. அச்சம் அப்பெண்ணின் கதியை எண்ணி எழுவது. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்தாண்ட பழங்கதை நம் தமிழில் உண்டு. அது பிறந்ததாகச் சொல்லப்படும் இடமும், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு அயலிடம் அன்று. சித்தூருக்குத் தெற்கே மாநில எல்லையை ஒட்டி நிற்கும் வள்ளிமலையே அவ்விடம்.

இன்று மாநில எல்லைகள் குறுக்கிட்டாலும் இது ஒரே நிலப்பகுதியாகும். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, வள்ளியை முருகன் மணந்து அமர்ந்த தலமென வழங்கும் திருத்தணியும் அதனுள் அடங்கியது. 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆட்சியின் எல்லைக் கற்கள் இடம் மாறின. கதையின் எல்லை மாறவில்லை.

வள்ளியின் பெயர் சங்க நூல்களிலேயே காணப்படுகிறது. நற்றிணையும் பரிபாடலும் அவளை முருகனின் துணைவியாக அறியும். எனினும் முருகன் கிழவேடம் பூண்ட கதை விரிவாக அமைந்திருப்பது கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில், 'வள்ளியம்மை திருமணப் படலம்' என்னும் இறுதிப் பகுதியில் ஆகும். வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். அவள் வளர்ந்து தினைப்புனம் காக்கிறாள். நாரதர் சொற்கேட்டு முருகன் வேடனாகி அங்கு வருகிறான். தந்தை வரும் ஓசை கேட்டதும் வேங்கை மரமாகி நிற்கிறான். மற்றொரு முறை நம்பி வரும்போது, திருநீறு பூசிய தொண்டு கிழவராகத் தோன்றுகிறான்.

நகைச்சுவை இங்கேதான் தொடங்குகிறது. வந்த காரணத்தை நம்பி வினவ, மூப்பு நீங்கும்பொருட்டு இம்மலையிலுள்ள குமரியில் ஆட வந்ததாகக் கிழவர் விடையிறுக்கிறார். நம்பியின் செவியில் குமரி என்பது தீர்த்தத்தின் பெயர். கற்பவர்க்கோ அது கன்னிப் பெண்ணையும் குறிக்கும். ஐயமற்ற தந்தை, மகளுக்குத் துணையாக இருக்குமாறு பெரியவரிடமே சொல்லிச் செல்கிறான். கிழவர் பசி என்கிறார். வள்ளி தேனும் தினைமாவும் தருகிறாள். விடாய் என்கிறார்; சுனைக்கு அழைத்துச் செல்கிறாள். 'சூரியன் காணாச் சுனை' என்று ஒன்றை வள்ளிமலைக்குச் செல்வோர்க்கு ஊரார் இன்றும் காட்டுவர். பசியும் விடாயும் தீர்ந்தபின் கிழவர் மூன்றாவது வேண்டுகோளை வெளியிடுகிறார்: தம் காதலையும் தணிக்க வேண்டும் என்கிறார்.

வள்ளி அளிக்கும் விடையே இக்கதையின் உயிர் என்பது நம் கருத்து. அவள் நாணித் தலைகுனிந்து நிற்கவில்லை. நரைத்த பின்னும் நல்லுணர்வு வரவில்லையே எனக் கடிந்து, தன் குலத்துக்கே பழி தேடும் பேச்சு இது என்று சினந்து, தினைப்புனம் நோக்கி நடக்கிறாள். பெரியவர் என்பதற்காக அவள் உணவும் நீரும் தந்தாள்; ஆனால் அம்மரியாதையைத் தன் இசைவாக அவள் எண்ணவில்லை, பிறர் எண்ணவும் விடவில்லை. மூத்தோரைப் பேணுதல் வேறு, மூத்தோருக்குத் தன்னைத் தருதல் வேறு என்னும் தெளிவு கல்வி நிலையம் காணாத அக்குறமகளிடம் இருந்தது.

இதன்பின் வருவது யானை. தம்பியின் வேண்டுகோளுக்கு இரங்கி விநாயகர் மதயானையாகத் தோன்ற, வள்ளி அஞ்சிக் கிழவரையே பற்றிக் கொள்கிறாள். அச்சத்தால் விளைந்த இசைவு இசைவாகுமோ என இக்காலத்துப் பெண்மக்கள் வினவுவராயின், அவ்வினா நேர்மையானதே. புராணமும் யானையோடு கதையை முடித்துவிடவில்லை. முருகன் வேடம் களைந்து தன் இளமைத் திருவுருவைக் காட்டுகிறான். அவ்வுருவைக் கண்ட பிறகே வள்ளியின் உள்ளம் உவந்து அவனை ஏற்கிறது. திருமணமோ அதன்பின் வெகுதொலைவு கடந்து, உற்றார் அறியவே நிகழ்கிறது. பொய்யுருவுக்கு அவள் மறுத்த மறுப்பு இறுதிவரை நிற்கிறது. மெய்யுருவுக்கே அவள் இசைகிறாள்.

தொல்காப்பியம் தலைவன் தலைவியர்க்கு வேண்டும் ஒப்புமைகள் பத்தினைக் கூறுமிடத்து, ஆண்டினையும், அதாவது வயதினையும், ஒன்றாக எண்ணுகிறது. இளமை கடந்த காமத்தைப் பெருந்திணையின்பாற்படுத்துகிறது. ஆகவே வள்ளியின் சினம் ஒரு பெண்ணின் தனிச்சினம் மட்டும் அன்று. பண்டைத் தமிழர் வகுத்த அகநெறியின் குரலும் ஆகும். கிழவர் உண்மையில் கிழவர் அல்லர் என்பது நமக்குத் தெரிந்திருப்பதாலேயே நாம் அச்சமின்றி நகைக்கிறோம். சங்கரதாச சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தைக் கோயில் திருவிழாக்களில் விடியுமளவும் கண்டு களித்த நம் முன்னோரும் இவ்வாறே நகைத்திருப்பர்.

இனித் திருப்பதிப் பக்கம் நோக்குவோம். புத்தூரை அடுத்த நாராயணவனம், ஆகாசராசன் ஆண்ட நகரெனத் தலபுராணம் கூறும் ஊராகும். 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. வள்ளி கிழங்குக் குழியில் கிடைத்தவள்; பதுமாவதி பொன்னேர் உழுத மண்ணில் கிடைத்தவள். முருகன் வேடனாய் வந்தான். சீனிவாசன் யானையைத் துரத்தி வந்த வேட்டைக்காரனாய்ச் சோலையில் புகுந்தான். அங்கும் பெண்கள் அவனை வரவேற்கவில்லை, கல்லெறிந்து விரட்டினர். பின்னர் அவன் குறி சொல்லும் கிழவியாக மாறி அரண்மனைக்குச் சென்று, அரசி தரணியிடம் அவள் மகளின் நோய் காதல் நோயே என்று உரைத்தான்.

ஒரு மலையில் கிழவர் வேடம், மறுமலையில் கிழவி வேடம். தமிழ்க் கதையும் தெலுங்கு நாட்டில் பெருவழக்காயுள்ள கதையும் இவ்வாறு ஒத்து நிற்பதன் பொருள் யாது? இரண்டிலும் மூப்பு என்பது பெண்ணின் உள்ளத்தை வெளிக்கொணரும் கருவியாகும். கிழவரிடம் வள்ளி தன் மறுப்பைச் சொன்னாள். பதுமாவதி பெற்றோரிடம் சொல்லத் தயங்கியதைக் கிழவி அவளுக்காகச் சொன்னாள். பெண்ணின் மனம் அறியப்பட்ட பின்னரே இரு திருமணங்களும் நடந்தேறின.

வாழ்வில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே முதியவர் வேடம் தரித்தவர் அல்லர், மெய்யாகவே முதியவர். பெண்ணோ வாய் திறக்க இயலாத சிறுமி. இக்கொடுமையையும் நகைச்சுவையாகவே எழுதிக் காட்டியவர் தெலுங்குப் பேராசான் குரஜாட அப்பாராவ். அவரது 'கன்யாசுல்கம்' 1892இல் மேடையேறி 1897இல் அச்சாயிற்று. அக்கினிகோத்ராவதானி என்பவர் பொருளுக்கு ஆசைப்பட்டுத் தம் சிறுமகள் சுப்பியை லுப்தாவதானி என்னும் கிழவருக்கு மணமுடிக்கத் துணிகிறார். சிறுமியின் விருப்பத்தை வினவுவார் இல்லை. அவளுடைய தாய்மாமன் கரடக சாத்திரி, தம் மாணவனாகிய சிறுவனுக்குப் பெண்வேடம் இட்டு அக்கிழவருக்கு மணம் செய்வித்து அவளைக் காக்க முயல்கிறார். வேடம் இங்கும் உண்டு. ஆனால் புராணத்தில் மணமகன் வேடம் தரித்தான். குரஜாடவின் நாடகத்திலோ சிறுமியைக் காக்கும்பொருட்டு மணமகளே வேடமாயினாள்.

தமிழகத்திலும் நிலை வேறன்று. வரதட்சிணை கொடுக்க வகையற்றோர் பெண்ணை இரண்டாந்தாரமாய் முதியவருக்குக் கொடுத்தனர். 1938இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' திரைப்படம், அவ்வாறு மணமுடிக்கப்பட்ட சுமதியின் துயரைக் காட்டியது. எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் திரையில் தோன்றிய முதற்படம் அதுவே. அங்கு நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

சாரதா சட்டம் 1929இல் நிறைவேறிப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது வரம்பு வகுத்தது. 1978இல் அது முறையே 18, 21 என உயர்ந்தது. சட்டம் வயதின் வரம்பை வகுத்ததேயன்றி, மணமக்களிடையே வயதின் இடைவெளி இத்துணை இருக்கலாம் என வகுக்கவில்லை. அது சட்டத்தால் அளக்கக் கூடியதும் அன்று. அவ்விடத்தில் அளவுகோலாக நிற்க வேண்டியது பெண்ணின் சொல்லே.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது வெறும் இலக்கியச் செய்தி அன்று. உறவினர் தொலைவில் இருக்க, நம்மவருள் வரன் அரிதாக, 'வயது சற்று அதிகம். ஆனால் நிலையான வேலை' என்று தரகர் கூறும் சொல்லுக்கு நாம் எளிதில் செவிசாய்த்து விடுகிறோம். நல்லவராய், பெண்ணே விரும்பி ஏற்பவராய் இருப்பின், வயது மிக்கவரும் நற்கணவர் ஆகலாம். ஆயின் அவ்விருப்பத்தை அவள் வாயினின்றே நாம் கேட்டறிதல் வேண்டும். நம்பி தன் மகளைக் கேளாமலே கிழவரைத் துணையாக விட்டுச் சென்றான். அவ்விடத்தில் தனக்காகப் பேச வேண்டியவள் வள்ளியே ஆனாள். பேசவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

திருத்தணிக்கும் திருமலைக்கும் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, வள்ளி இணங்கிய கதையோடு அவள் மறுத்த கதையையும் சொல்வோமாக. மறுக்கும் உரிமை உடையவளின் இசைவே மெய்யான இசைவு என்பதை நம் பெண்மக்களும், அவர்தம் தந்தையராகிய நாமும் உணர்தல் நன்று.