குமார்துலி: பட்டறைத் தெருவும் பார்வையாளர் தெருவும்

பழந்தெருக்கள் வணிகமயமாகின்றன என்னும் விவாதங்களில் வணிகமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. வட கொல்கத்தாவின் குமார்துலிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. செல்வர் வீடுகளின் துர்கா பூசைக்குச் சிலை செய்து விற்கக் கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு அது, விற்பனையால்தான் நிலைத்தது. ஆகவே, அங்கே யார் வாங்க வருகிறார்கள் என்றே கேட்க வேண்டும்.

வனமாலி சர்க்கார் தெருவின் பட்டறைகளில் மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உருவமைக்கிறார்கள். அதன்மேல் உமி கலந்த பிசுபிசுப்பான களிமண். அது காய்ந்து வெடித்த இடங்களில் நயமான ஆற்று மண். பூசைக்கு முந்தைய மாதங்கள் மழைக்காலம் என்பதால் தார்ப்பாய் கட்டி, தீச்சுடர் காட்டி ஈரத்தை வாங்குகிறார்கள். வெயில் வந்ததும் சிலைகள் தெருவுக்கு வருகின்றன. முடிந்த சிலையைச் சுமையாட்கள் மூங்கில் கட்டித் தோளில் தூக்கிச் செல்கிறார்கள். தெரு இங்கே பட்டறையின் முற்றம். இரண்டையும் பிரித்தால் தொழில் நடக்காது.

ஜவாஹர்லால் நேரு தேசிய நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் இங்கே அடுக்குக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது இந்த உறவு போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை என்பது என் கருத்து. பத்தடிச் சிலையைப் படிக்கட்டில் இறக்க முடியாது. கலைஞர்களில் ஒரு பகுதியினர் பாக்பஜாரின் தற்காலிகக் கொட்டகைகளுக்கு மாற்றப்பட்டபின் திட்டம் பாதியில் நின்றது. 2021இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூசையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பெருமையைக் கேட்டுப் படமெடுக்க வருபவரின் வருகை பட்டறையின் வாடகையைக் கட்டாது. சிலைக்கு முன்பணம் தரும் பூசைக் குழுதான் கட்டுகிறது.

பார்வையாளரை நம்பியிருப்பதன் ஆபத்து புதுச்சேரியைப் பார்த்தால் விளங்கும். அங்கே வைசியாள் தெருவில் செய்த சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது பெற்றது. முகப்புகளும் தாழ்வாரங்களும் மீண்டன. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியிலோ வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. சுவர் பிழைத்தது, குடியிருப்பு கரைந்தது. குமார்துலியில் அப்படிக் காட்டுவதற்குப் பெரிய முகப்புகளும் இல்லை. தகரக் கூரையும் மண்தரையுமான பட்டறை போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கொல்கத்தா மாநகராட்சியின் மரபுப் பட்டியல் கட்டடங்களைத் தரம் பிரிக்கிறது. தொழிலுக்கு அதில் தரம் இல்லை. இதற்கு மாற்று முன்மாதிரி நம் சட்டத்திலேயே உண்டு. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், 50 ஆண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்த, வழக்கமாகக் கூடிவரும் ‘இயற்கைச் சந்தை’களை மரபுச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ள வணிகர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது. அதே பாதுகாப்பைப் பட்டறைத் தெருக்களுக்கும் மேற்கு வங்க அரசு வழங்க வேண்டும். தரைத்தள வேலையிடத்தையும் வாடகை உரிமையையும் உறுதிசெய்வதை அது குமார்துலியிலிருந்தே தொடங்கட்டும்.