கிணற்றடியும் பாட்டியாலாவும்

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சி வட்டாரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் பிள்ளைகள் நீச்சல் பழகியது பெரும்பாலும் பாசனக் கிணற்றில்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமனோ சித்தப்பனோ மேலிருந்து பிடித்துக்கொள்வார். நாளாக ஆகக் கயிறு தளரும், பிறகு குடுக்கை கழலும், கடைசியில் முங்கிப்போய் அடிமண்ணை எடுத்து வரச் சொல்வார்கள். பயத்தை முதலில் போக்கி, துணையைப் படிப்படியாகக் குறைக்கிற இந்த முறையை ஒரு பாடத்திட்டம் என்றே சொல்லலாம். ஆனாலும் இதை நடத்தியவர்களைப் பயிற்சியாளர்களாக எந்தப் பதிவேடும் ஏற்றதில்லை. அவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல. எது அறிவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது.

அந்த அதிகாரத்துக்குத் தமிழகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, விளையாட்டைக் கற்பிப்பது சான்றிதழ் பெற்றவரின் தொழிலாகத் தொடங்கியது. 1961இல் பாட்டியாலாவில், மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் அமைந்தது. அதன் பட்டயம் நாடு முழுவதும் பயிற்சியாளர் வேலைக்கான கடவுச்சீட்டாயிற்று. பட்டப்படிப்பும் உயர்நிலைப் போட்டி அனுபவமும் கேட்கும் அந்தப் படிப்புக்கு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அரியலூர்க் கிணற்றில் பழகியவர் எப்படித் தகுதி பெறுவார்? போட்டிக்குக் குளம் வேண்டும். குளமோ நகரத்தில் இருந்தது.

நீச்சலின் வரலாறோ சான்றிதழுக்கு வெளியே இருந்தவர்களிடம்தான் திரும்பத் திரும்பக் கடன் வாங்கியிருக்கிறது. 1844இல் லண்டனில் வட அமெரிக்க ஒஜிப்வே பழங்குடியினர் இருவர் கைகளைத் தலைக்கு மேல் வீசி நீந்திக் காட்டினார்கள். அது ஐரோப்பியருக்கு ஒவ்வாத முறை என்று எழுதிய ஆங்கிலேயர், அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மார்பு நீச்சலையே போற்றினார்கள். நூற்றாண்டின் இறுதியில் சாலமன் தீவிலிருந்து சிட்னி வந்த அலிக் விக்கம் என்ற இளைஞனின் நீச்சலைப் பார்த்தபிறகே ஆஸ்திரேலியர் கிரால் முறைக்கு மாறத் தொடங்கினர். இன்று ஃப்ரீஸ்டைல் பந்தயங்களில் எல்லோரும் நீந்துவது அந்த முறையில்தான். 1960களில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் நீருக்கடியில் படம் பிடித்தபோதும் இதே கதைதான்: பயிற்சியாளர்கள் நேராக இழுக்கக் கற்பித்துக்கொண்டிருக்க, சிறந்த வீரர்களின் கை வளைந்து போனது.

கிணற்று நீச்சலால் பதக்கம் வருமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. திருப்பம், தொடக்கப் பாய்ச்சல், பயிற்சிச் சுமையின் கணக்கு, உயிர்காக்கும் முதலுதவி இவற்றைக் கிணறு கற்றுத்தராது. இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. கிணறு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பொதுக்குளத்து நீரை அள்ளும் உரிமைக்காகவே 1927இல் மகாடில் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. தலித்துகளுக்கும் பருவமடைந்த பெண்களுக்கும் நம் கிணறுகள் என்ன இடம் தந்தன என்பது ஊரறிந்தது. கட்டணமும் தூரமும் தடுக்காத பட்சத்தில், சாதி கேட்காத அரசு நீச்சல்குளம் அந்த வகையில் மேலானது. ஆகவே சான்றிதழை ஒழிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அதன் நுழைவாயிலில் முன்னாள் வீரரின் பதக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, கற்றுக்கொடுத்த அனுபவத்துக்கும் வேண்டும். தொடக்கநிலைப் படிப்பாவது மாவட்டத் தலைநகரில், தமிழில் நடக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதே. 1937இல் ஹவாயின் மாவி தீவில் சோயிச்சி சகமோட்டோ என்ற பள்ளி ஆசிரியர், கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளைப் பாசன வாய்க்காலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவிட்டுப் பயிற்றுவித்தார். அவர் போட்டி வீரராக இருந்தவரல்ல. அவரிடம் பழகிய பில் ஸ்மித் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். போருக்குப் பிறகு ஹவாய் பல்கலைக்கழகம் தன் நீச்சல் அணியையே அந்த வாய்க்கால் வாத்தியாரிடம் ஒப்படைத்தது.