மின்தாள்: மின்சாரம் நின்றாலும் நிற்கும் படம்

மின்தாள் என்பது தானாக ஒளி விடாத திரை. அச்சிட்ட தாளைப் போலவே, தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. படத்தை மாற்றும் சில வினாடிகளுக்கு மட்டும் அதற்கு மின்சாரம் தேவை. மாறிய பின் கம்பியைக் கழற்றி விட்டாலும் படம் அப்படியே நிற்கும். ஒரு சிறு பேட்டரியை வைத்துப் பல மாதங்கள் ஓடும் படச்சட்டத்தை வீட்டிலேயே செய்ய முடிவது இந்த ஒரு குணத்தால்தான்.

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. தறியும் சாயப்பட்டறையும் நிறைந்த சின்னாளப்பட்டி போன்ற ஊர்களுக்கு, மின்சாரம் போனால் திரை இருண்டுவிடும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுவரில் மாட்டிய தாத்தா பாட்டி படம் மட்டும் இருளாமல் இருந்தது. அந்தச் சுவர்ப் படத்தின் நிலைத்தன்மையைக் கணினித் திரைக்குக் கொண்டுவர அறிவியலாளர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

தொடக்க முயற்சிகள்

1970களின் தொடக்கத்தில் இரண்டு இடங்களில் இந்த முயற்சி நடந்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் இசாவோ ஓட்டா, சாயம் கலந்த திரவத்தில் மின்னூட்டம் பெற்ற நிறத்துகள்களை மிதக்க விட்டார். மின்புலம் கொடுத்தால் துகள்கள் மேலே வரும், அல்லது கீழே போகும். மேலே வந்தால் வெள்ளை, கீழே போனால் சாயத்தின் நிறம். எண்ணம் சரியானதே. ஆனால் நாளடைவில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஒரு பக்கமாகப் படிந்துவிட்டன.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் நிக் ஷெரிடன் வேறு வழியில் போனார். ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கருப்பாக நுண்ணிய உருண்டைகளைச் செய்து, எண்ணெய் நிரம்பிய சிறு குழிகளில் வைத்தார். மின்புலம் கொடுத்தால் உருண்டை திரும்பிக்கொள்ளும். இதற்கு ‘கைரிகான்’ என்று பெயர். நகல் எடுக்கும் இயந்திரம் விற்ற அந்த நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் கிடப்பில் போட்டது. 2000இல் இதற்கெனத் தனி நிறுவனம் தொடங்கியும் அது 2005க்கு மேல் நீடிக்கவில்லை.

ஓட்டாவின் திரவம் கட்டியானதற்குத் தீர்வு 1990களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் கிடைத்தது. பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனும், மாணவர்களான பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் திரவத்தை ஒரே தொட்டியில் விடாமல், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்குமிழ்களில் அடைத்தனர். ஒவ்வொரு குமிழும் தனி அறை. ஆகவே துகள்கள் ஓரிடத்தில் போய்க் குவிய வழியில்லை. 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. (அதே 1998இன் பொங்கலன்றுதான் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டமும் தொடங்கியது. படிக்கும் தாளும் படிக்க வேண்டிய நூலும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காலத்தில் பிறந்தன.)

2004இல் சோனியின் லிப்ரியே ஜப்பானில் வந்தது, 2007இல் அமேசானின் கிண்டில் வந்தது. 2009இல் இ-இங்க்கைத் தைவானின் பிரைம் வியூ நிறுவனம் வாங்கியது. கிண்டில் 2012இல் இந்தியாவுக்கு வந்தபோதும், அதற்கான கடையில் தமிழ் நூல்கள் முறையாகச் சேர 2016 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த மின்தாள்

படிப்பான்களாலும் கடைகளின் விலைச்சீட்டுத் திரைகளாலும் உற்பத்தி பெருகியபின், மின்தாள் தனித் திரையாகவும் விற்பனைக்கு வந்தது. 2012இல் ராஸ்பெர்ரி பை, 2016இல் வைஃபை உள்ளடங்கிய இ.எஸ்.பி.32 சில்லு என மலிவான சிறு கணினிகளும் கிடைத்தன. திரை, சில்லுப் பலகை, லித்தியம் செல், அதைச் சார்ஜ் செய்யும் பாதுகாப்புச் சுற்று, மரச்சட்டம் ஆகியவை இருந்தால் போதும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது பேட்டரிக் கணக்கை. 3000 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில்லு நாளுக்கு ஒரு முறை விழித்து, வைஃபை வழியே படத்தைப் பெற்று, திரையை மாற்ற 45 வினாடி ஆகிறது, அப்போது சராசரியாக 80 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், செலவு 1 மில்லி ஆம்பியர்-மணி. மீதி நேரம் சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால், நாளுக்கு 0.24. காகிதக் கணக்கில் ஆறு ஆண்டுக்கு மேல் வரும். செல் தானாகவே இறங்குவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனால் பலகையில் 2 மில்லி ஆம்பியர் குடிக்கும் சிவப்பு விளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்தால், அது மட்டும் நாளுக்கு 48 மில்லி ஆம்பியர்-மணி. மொத்த ஆயுள் இரண்டே மாதம்! படத்தை மாற்றுவதைவிட, சும்மா இருப்பதற்கே செலவு அதிகம். அனுபவமுள்ளவர்கள் முதல் வேலையாக அந்த விளக்கை நீக்குவது இதனால்தான்.

புள்ளிகளின் கணக்கு

எளிய மின்தாளில் கருப்பும் வெள்ளையும்தான் உண்டு. வண்ணத் திரையிலும் ஆறேழு நிறங்களே. அதில் முகத்தின் மென்மையான நிழல் எப்படி வரும்? 1976இல் ராபர்ட் ஃபிளாய்டு, லூயிஸ் ஸ்டைன்பர்க் இருவரும் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. ஒரு புள்ளியின் உண்மையான அளவு 255இல் 100 என்றால், அதைக் கருப்பாக, அதாவது 0 ஆக வைத்துவிட்டு, விடுபட்ட 100ஐ அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கிட வேண்டும். வலப்பக்கத்துக்கு 16இல் 7 பங்கு. கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 3, 5, 1 பங்குகள். கடனை அடுத்த வீட்டில் எழுதுவது போன்ற ஏற்பாடு. சுங்குடிச் சேலையைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு, புள்ளிகள் நெருங்கும் இடத்தில் நிறம் வெளிறித் தெரிவது புதிதல்ல.

வண்ணத் திரையின் படம் மாற அரை நிமிடம் வரை ஆகும். அந்நேரம் திரை பலமுறை மின்னும். அது பழுதல்ல. நேரடி வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டக்கூடாது. திரைக்கும் லித்தியம் செல்லுக்கும் வெப்பம் ஆகாது.

தமிழ் எழுத்தின் சிக்கல்

படத்தின் கீழே பெயரையோ தேதியையோ தமிழில் எழுத விரும்புவோர்தான் தடுமாறுகிறார்கள். 1991இல் வந்த யூனிகோட் முறையில் ‘பெண்’ என்பது ப, ஒற்றைக்கொம்பு, ண, புள்ளி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கைப்பேசி போன்ற பெரிய கருவிகள் கொம்பைப் பகரத்துக்கு முன்னே நகர்த்தி எழுதும். சிறு சில்லுக்கான பொதுவான எழுத்து நிரல்களுக்கு அந்த அறிவு இல்லை. வந்த வரிசையிலேயே எழுதும். கொம்பு போய் ணகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், புள்ளி தனியே நிற்கும். பழைய தமிழ்த் தட்டச்சில் கொம்பைத்தான் முதலில் அடிப்பார்கள். அந்த வரிசையாயிருந்தால் இச்சில்லுக்குக் கொம்பில் குழப்பம் வந்திராது.

இதற்கு நடைமுறையில் உள்ள வழி, எழுத்துகளைச் சில்லிடம் விடாமல், கணினியிலேயே படத்தோடு சேர்த்து வரைந்து, முழுவதையும் ஒரே படமாக அனுப்புவது. சில்லுக்குத் தெரிவது புள்ளிகள் மட்டும். படிப்பவர் கண்ணுக்கு அது பிழையில்லாத தமிழாகத் தெரியும்.