கிருமியைக் கொடுத்தவர்கள் கேட்ட கணக்கு

2007-ம் ஆண்டின் தொடக்கத்தில், பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை இந்தோனேசியா நிறுத்தியது. உலகத்தின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று மேலைநாடுகளில் கண்டனம் எழுந்தது. வைரஸ் ஆய்வகத்தில் மாதிரிகளைக் கட்டி அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். அந்த முடிவை எடுத்த சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரியின் பக்கம்தான் அன்றும் இன்றும் என் மனம் நிற்கிறது.

காய்ச்சல் கிருமிகளை நாடுகள் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு 1952-ல் ஒரு வலையமைப்பு உருவானது. இன்ஃபுளுயன்சா வைரஸ் ஓயாமல் மாறுவது. அடுத்த பருவத்துக்கு எந்த வகையை வைத்துத் தடுப்பூசி செய்வது என்று தீர்மானிக்க, பல நாட்டு மாதிரிகளையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டாக வேண்டும். அதற்காக லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ மையங்களுக்கு மாதிரிகள் போயின. கொடுத்தவர் யாரும் காசு கேட்டதில்லை.

ஒரு மாதிரி எப்படிப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தொண்டையில் தடவி எடுத்த குச்சி இளஞ்சிவப்புத் திரவத்தில் கிடக்கும். குப்பியின் மூடியைச் சுற்றிப் பாராஃபிலிமை இழுத்து ஒட்டுவோம். உடைந்தாலும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளச் சுற்றிலும் பஞ்சு. அதற்கு மேல் கசியாத டப்பா. அப்புறம் டிரை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டி. கூடவே ஒரு தாள்: நோயாளியின் வயது, ஊர், காய்ச்சல் கண்ட நாள், வீட்டில் கோழி வளர்க்கிறார்களா என்பதெல்லாம். அந்தத் தாளை நிரப்ப யாரோ ஒரு செவிலியர் கட்டிலருகே நின்று, மூச்சு வாங்கும் மனிதரிடம் பேச்சுக் கொடுத்திருப்பார். எனக்கு எப்போதும் அந்தத் தாள்தான் கனமாக இருக்கும்.

இந்தோனேசியாவில் மனிதருக்கு வந்த முதல் தொற்று 2005 ஜூலையில், ஜகார்த்தாவை ஒட்டிய தாங்கெராங்கில் தெரியவந்தது. 2006 மே மாதம் வட சுமத்ராவின் காரோ மலைப்பகுதியில் ஒரே குடும்பத்தில் ஏழு பேர் இறந்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கிவிட்டதோ என்று உலகமே அஞ்சியது. மாதிரிகள் வெளிநாட்டுக்குப் பறந்தன. ஆனால் பறவைக் காய்ச்சல் வைரஸ்களின் மரபணு வரிசைகள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பூட்டிக் கிடந்தன. கடவுச்சொல் சுமார் 15 ஆய்வகங்களிடம் மட்டுமே இருந்தது. இத்தாலிய கால்நடை மருத்துவர் இலாரியா காபுவா, அந்தப் பூட்டிய அறைக்குள் தனக்குக் கிடைத்த இடத்தை மறுத்துவிட்டு, தன் ஆய்வகத்து வரிசையை அனைவரும் பார்க்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுபாரியும் இந்தோனேசிய வரிசைகளைப் பொதுவில் திறந்துவிட ஒப்புதல் தந்தார். அவரைத் திட்டியவர்கள் இதை ஏன் எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த ஆண்டு முடிவதற்குள், இந்தோனேசிய வைரஸிலிருந்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கி வருவது தெரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடுப்பூசி விற்பனைக்கு வந்தாலும் அந்த விலைக்கு அவர்களால் வாங்க முடியாது. பணக்கார நாடுகள் முன்பணம் கட்டி வரிசையில் நின்றுவிடும். அதனால்தான் சுபாரி மாதிரிகளை நிறுத்தினார். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது பணக்கார நாடுகள் அப்படியேதான் செய்தன.

நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின், 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தது. கொடுத்த மாதிரி எங்கெங்கே போகிறது என்று இனி தடம் பார்க்கலாம். வலையமைப்பை நடத்தும் செலவில் பாதியை ஆண்டுதோறும் அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்ட வேண்டும். பெருந்தொற்று வந்தால் தடுப்பூசியில் ஒரு பங்கை ஒதுக்கவும் அவர்கள் ஒப்பந்தம் போட வேண்டும். மாதிரி தந்த நாட்டு ஆய்வாளர்களை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

ஆனால் இது பெருந்தொற்றாக மாறக்கூடிய இன்ஃபுளுயன்சாவுக்கு மட்டும் உரியது. கொரோனாவுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தத்தை அதே பேரவை ஏற்றுக்கொண்டது. கிருமியையும் மரபணு வரிசையையும் கொடுப்பவருக்கு என்ன பங்கு என்ற பகுதியை மட்டும், பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று தனி இணைப்பாக ஒதுக்கி வைத்தார்கள். சுபாரி கேட்டதும் அதையேதான்.