வீட்டிலிருந்து தோட்டத்து அறைக்கு: வைஃபை சுவர் தாண்டிய வரலாறு

வீட்டில் உள்ள கம்பியில்லா இணைய இணைப்பை, அதே வளாகத்தில் தனியாக நிற்கும் இன்னொரு கட்டடத்துக்கு எடுத்துச் செல்வது இன்று சாதாரண வேலை. அந்தக் கட்டடம் தோட்டத்துப் பம்பு அறையாக இருக்கலாம், மாட்டுக் கொட்டகையாக இருக்கலாம், நெல் குடோனாகவோ பின்கட்டில் நடக்கும் தையல் கூடமாகவோ இருக்கலாம். இரண்டு சிறு ஆன்டெனாக்களை எதிரெதிரே பொருத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் வைஃபை இதற்காக உருவாக்கப்பட்டதல்ல. அலுவலகத்துக்குள் சில பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்வதற்கென எழுதப்பட்ட நுட்பம் அது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒன்று, அலை சிதறிப்போவது. மற்றொன்று, கருவியின் பொறுமையின்மை. முதல் தடையைத் தகர டப்பாவைக் கொண்டே சமாளிக்க முடிந்தது. இரண்டாவதற்குப் பல ஆண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது. அந்த ஆராய்ச்சியின் முக்கியமான களங்களில் ஒன்று தேனி மாவட்டம்.

உரிமம் வேண்டாத அலைவரிசை

1985 மே மாதத்தில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைகளில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்ப அனுமதி அளித்தது. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ் இதற்காகப் பாடுபட்டவர். அம்மூன்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்புகள் அதில்தான் இயங்கின. அவற்றின் இரைச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதால் வேறு யாரும் பெரிதாக விரும்பாத இடம் அது. யாரும் விரும்பாததால்தான் எல்லோருக்கும் கிடைத்தது எனலாம்.

அந்தப் பட்டையில் ஆளுக்கொரு முறையில் கருவிகள் வரத் தொடங்கியதால் பொது விதி தேவைப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையிலான குழு 1990 முதல் உழைத்து, 1997இல் 802.11 என்னும் தரநிலையை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. வைஃபை என்ற பெயரும் அதே ஆண்டில் சூட்டப்பட்டது.

டப்பாவும் கூரையும்

வீட்டு ரவுட்டரின் ஆன்டெனா சுற்றுப்புறம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் அலையைப் பரப்புகிறது. அறைக்குள் இருப்பவர்களுக்கு அது வசதி. 80 மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகைக்கோ, பரவும் ஆற்றலில் மிகச் சிறு பங்குதான் போய்ச் சேரும். மீதி வானத்துக்கும் அண்டை வீட்டுக்கும் போகிறது. ஒலிபரப்பும் ஆற்றலைக் கூட்டச் சட்டம் ஓரளவுக்கு மேல் இடம் தராது. எனவே இருக்கும் ஆற்றலை ஒரு திசையில் குவிப்பதே வழி. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடேட்சுகு யாகியும் 1926இல் வெளியிட்ட திசை ஆன்டெனா இதே கொள்கையில் இயங்குவதுதான். மொட்டைமாடித் தொலைக்காட்சி ஆன்டெனாவாக நம் ஊரில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

2001இல் கலிஃபோர்னியாவில் ராப் ஃபிளிக்கெங்கர், பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் டப்பாவுக்குள் ஒரு கம்பியையும் சில வாஷர்களையும் வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற யாகி ஆன்டெனாவைச் செய்து காட்டினார். கடைச் சாமான்களே போதும் என்பதால் அது வேகமாகப் பரவியது. பின்னர் செய்யப்பட்ட ஒப்பீடுகளில், இன்னும் அகலமான சாதாரண உலோக டப்பா அதைவிட மேல் என்று தெரியவந்தது. ஆனாலும் பெயர் நிலைத்தது வறுவல் டப்பாவுக்குத்தான்.

திசை மட்டும் போதாது, உயரமும் வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே அலை நூல் பிடித்ததுபோல நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர்க்கோல் வடிவில் இடம் எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியின் ஆரம் சுமார் 1.8 மீட்டர். மேசை மேல் வைத்த ரவுட்டரிலிருந்து அனுப்பினால் மண்டலத்தின் கீழ்ப்பகுதி தரையில் புதைந்துவிடும். அதனால்தான் ஆன்டெனா கூரைக்குப் போகிறது. இடையில் வேப்பமரம் நின்றால், இலைகளில் உள்ள நீர் அலையை விழுங்கும். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையைத் திருப்பி அடிக்கும். ஆகவே கொட்டகைக்கு வெளியே ஓர் ஆன்டெனாவை வைத்து, அங்கிருந்து உள்ளே கம்பி இழுத்து இரண்டாவது ரவுட்டரைப் பொருத்துவதே வழக்கமாயிற்று. நடுவில் ஒற்றை ரேடியோ கொண்ட ரிப்பீட்டரை வைப்பது எளிது. ஆனால் அது கேட்டதையே அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

காத்திருக்கும் நேரம்

தூரத்தைக் கிலோமீட்டர்களில் கணக்கிடத் தொடங்கியபோதுதான் இரண்டாவது தடை வெளிப்பட்டது. வைஃபையில் ஒவ்வொரு தரவுப் பொதியை அனுப்பியதும், கிடைத்தது என்ற ஒப்புகை வரும்வரை அனுப்பிய கருவி காத்திருக்கும். வரவில்லை என்றால் பொதி தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பும். காத்திருக்கும் அந்த நேரம் சில பத்து மைக்ரோநொடிகள்தான். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். கொட்டகைக்குப் போய்வர ஒரு மைக்ரோநொடிகூட ஆகாது, அதனால் அங்கே சிக்கல் இல்லை. 15 கிலோமீட்டருக்குப் போய்வர 100 மைக்ரோநொடி ஆகும். ஒப்புகை வழியில் இருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்து மறுபடி கூவத் தொடங்குவார். அலை வலுவாகவே வந்து சேர்ந்தாலும் இணைப்பு ஊர்ந்து போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேசும் முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்பது வைஃபையின் நாகரிகம். அறைக்குள் அது நன்றாக வேலை செய்கிறது. தூரத்தில் இருக்கும் இருவரோ, எதிராளி பேசத் தொடங்கியது காதில் விழுவதற்குள் தாமும் தொடங்கிவிடலாம்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமனும் மற்றவர்களும் கங்கைச் சமவெளிக் கிராமங்களை 802.11 மூலம் இணைக்க முயன்றபோது இந்தச் சிக்கல்களை நேரடியாகச் சந்தித்தனர். ஒரே கோபுரத்தில் உள்ள ஆன்டெனாக்கள் அனைத்தும் ஒன்றாக அனுப்பவும் ஒன்றாகக் கேட்கவும் வேண்டும் என்ற தீர்வை அவர்கள் முன்வைத்தனர்.

தேனி

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்றியுள்ள ஊர்களில் அந்த மருத்துவமனை சிறு பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், தேனியில் உள்ள மருத்துவர் நிகழ்படம் வழியாக நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். பலருக்குக் கண்ணாடியோ மருந்தோ போதும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டியதில்லை. ஆனால் நிகழ்படம் திக்கினால் மையமே பயனற்றது. ஒரு மருத்துவமனை தன் இணைப்பைத் தொலைவில் உள்ள சொந்த அறைகளுக்கு நீட்டுவதுதான் இது. முற்றத்துக்குப் பதில் வயல்வெளி, அவ்வளவே வேறுபாடு.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் ஆய்வுக்குழு இந்த வலையமைப்பை அமைத்தது. ஐந்து மையங்கள், 9 இணைப்புகள். மிகக் குறுகியது 1 கிலோமீட்டர், ஆண்டிப்பட்டிக்குச் சென்ற மிக நீண்ட இணைப்பு 15 கிலோமீட்டர். ஆறு ஆன்டெனா நிலையங்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் இருந்தன. 15 கிலோமீட்டருக்கு ஃபிரெனெல் மண்டலத்தின் ஆரம் சுமார் 22 மீட்டர் என்று கணக்கிட்டால் அந்த உயரத்தின் காரணம் புரியும். கோபுரம் எழுப்பும் செலவை மிச்சப்படுத்த, ஒரு ஜவுளி ஆலையின் மின்நிலையப் புகைபோக்கியையும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

குழு உருவாக்கிய வைல்டுநெட் என்னும் மென்பொருள் 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கருவிகள் அதே மலிவான வைஃபை அட்டைகள்தாம், பேசும் ஒழுங்கு மட்டும் மாறியது. கேட்டுவிட்டுப் பேசுவதற்குப் பதில், இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டு முறைவைத்துப் பேசின. பொதிக்கு ஒரு ஒப்புகை என்பது போய், பல பொதிகளுக்கு மொத்தமாக ஒரு ஒப்புகை வந்தது. தரவு கடக்கும் வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது.

என் கணிப்பில், அக்குழு அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையே இன்னும் பயனுள்ளது. வலையமைப்பைப் பெரும்பாலும் வீழ்த்தியது அலையல்ல, மின்சாரம் என்று அது சொல்கிறது. மின்வெட்டைவிட மின்னழுத்த ஏற்ற இறக்கமே கருவிகளை எரித்தது, நினைவக அட்டைகளைக் கெடுத்தது. ஆகவே மின்கலம் அளவுக்கு மீறி வடிந்தால் தானே துண்டிக்கும் சுற்றுகளையும், உள்ளூர்ப் பணியாளர்களுக்கான பயிற்சியையும் ஆய்வின் பகுதியாக்கினார்கள். பம்பு அறைக்கு ஆன்டெனா வாங்குபவர் அதே கடையில் மின்னழுத்தச் சீராக்கியையும் கேட்டு வாங்குவது நல்லது.

முறைவைத்துப் பேசும் அந்த உத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி காட்டினார். இரு மலைமுகடுகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு அமைத்தார். பெர்க்லி குழுவின் மென்பொருளே அதில் அதிக வேகத்தைத் தந்தது.

மீண்டும் கொட்டகைக்கு

இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியான விதிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமத்திலிருந்து விடுவித்தன. ஆன்டெனா கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. வீட்டிலிருந்து தோட்டத்து அறைக்கு இது தாராளம். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியும் வெளிப்புறப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று கடைகளில் ஜோடியாக விற்கும் வெளிப்புற ஆன்டெனாக்கள் பல அந்தப் பட்டையில் இயங்குகின்றன. அவற்றில் சில நேரத்தைப் பங்கிட்டே பேசுகின்றன. அமைப்புப் பக்கத்தில் தூரம் என்றொரு கட்டமும் இருக்கும். அதில் மீட்டரையோ கிலோமீட்டரையோ நிரப்பினால், ஒப்புகைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கருவி தானே கணக்கிட்டுக்கொள்ளும்.