சேனை வைத்தல்

பிறந்த குழந்தையின் நாக்கில், தாய்ப்பாலுக்கு முன்பே தேன், சீனித்தண்ணீர், கழுதைப்பால் என ஏதாவதொன்றில் சில சொட்டு வைக்கும் தமிழ்நாட்டு வழக்கம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையால், நல்ல பெயரெடுத்த பெரியவரையே வீட்டார் தேடிப் பிடிப்பர்.

ஆபத்து அந்தச் சொட்டுகளில்தான் தொடங்குகிறது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கலாம். அவை பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால் மலம் கட்டும், அழுகுரல் மெலியும், உறிஞ்சும் வலு குறையும். முற்றினால் மூச்சே தடைபடும். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடாது என்பது இதனால்தான். காய்ச்சாத கழுதைப்பால் கிருமித்தொற்றைக் கொண்டுவரும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சேனைக்குப் பயன்படும் சங்கும் பாலாடையும் தம்மளவில் குற்றவாளிகள் அல்ல. படுத்து அழும் பிள்ளையின் வாயில் மடமடவென ஊற்றினால் புரையேறும். அதே பாலாடையைக் கொதிநீரில் சுத்தம் செய்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டுவது குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளே கையாளும் முறை.

தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் புட்டிப்பாலின் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது.